தோல் மண்டியில் ஒரு வண்டுப் பெட்டி

பெட்டியைத் திறந்ததும் ஒரு பொடி பறந்து மூக்கில் ஏறியது. தும்மி முடித்துவிட்டுப் பார்த்தேன். வண்டுகளைக் காணோம்.

புதுச்சட்டை வாங்கினால் கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி அட்டைப்பெட்டி. அடியில் தெர்மாகோல் வைத்து, அதில் காண்டாமிருக வண்டுகளை ஊசி குத்தி வரிசையாக நிறுத்தியிருந்தேன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். கருகருவென்று பளபளக்கும் உடம்பு, தலையில் ஒரு கொம்பு. இப்போது ஊசிகள் மட்டும் வைத்த இடத்தில் நின்றன.

ஓர் ஊசியில் ஒற்றைக் கால் தொங்கியது. இன்னொன்றில் பாதி இறக்கை. மூலையில் ஒரு தலை, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் ஓடாகக் கிடந்தது. அடியெல்லாம் காப்பிப்பொடி நிறத்தில் தூள். தூளுக்குள் முடி முளைத்த சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன.

நான் நின்ற இடம், பேகம்பூரில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த எங்கள் தோல் மண்டி; ஆட்டுத்தோலை உப்புப் போட்டு அடுக்கி வைத்து விற்கும் கிடங்கு. நான் அப்போது நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முந்திய வயிற்றோடு இருந்தேன். நாளை மறுநாள் எனக்கு எம்.எஸ்ஸி. விலங்கியல் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஆய்வுக்கு எடுத்த வண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைக்காவிட்டால் தேர்வு கிடையாது என்று பேராசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்த உப்பு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன்டி நூரு, மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? தலை சுத்துதா?" என்று கேட்டபடி மாமி வந்தார். மாமி என்றால் என் கணவரின் அம்மா.

பெட்டியை நீட்டினேன். எட்டிப் பார்த்தவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"இது நம்ம தோலைத் திங்குற பூச்சியாச்சே" என்றார் மாமி.

கறாரான மாமி

சென்ற வாரம் இந்தத் தொடரில் வந்த என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு, "உங்கள் மாமி அவ்வளவு கறாரா?" என்று வாசகிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், கறார்தான். நான் கூட்டிச் சொல்லவில்லை. மாமி இதைப் படிக்கக் கேட்டால் அவரும் இல்லை என்று சொல்லமாட்டார்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் அத்தாவிடம், அதாவது அப்பாவிடம், சொல்லிவிட்டார். "எங்க வீட்டுல பொம்பளப் புள்ளைக காலேஜுக்குப் போற பழக்கம் இல்ல. பாதியில நிப்பாட்டுனா பாவம்னு விடுறேன். ஒரு புள்ள பொறக்குற வரைக்கும் போகட்டும். அதுக்கப்புறம் புஸ்தகத்தை மூட்டை கட்டிரணும்."

அத்தா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அதற்குள் படிப்பு முடிந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு இருந்தது. கணக்கு கிட்டத்தட்ட சரியாகத்தான் வந்தது. வைவா ஒன்றுதான் பாக்கி. அது தவறினால் அடுத்தது அடுத்த வருடம். அடுத்த வருடம் என் இடுப்பில் குழந்தை இருக்கும், மாமியின் வார்த்தையும் இருக்கும்.

கறார் மாமியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் மண்டி வாடை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மளிகைக் கடைக்காரர் மகள் நான். மல்லி, சீரக வாசனையில் வளர்ந்தவள். இங்கே உப்புப் போட்ட ஆட்டுத்தோலின் வாடை சோற்றுத் தட்டு வரைக்கும் வந்தது. இரண்டாம் நாள் சாப்பிடாமல் எழுந்தேன். மாமி ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொண்டுவந்து என் இடது கையில் வைத்தார். "இதை மோந்துக்கிட்டே சாப்புடு. செத்த நாளைக்குத்தான். பெறகு நீயே மண்டியில உக்காந்து வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குவ." அப்படியே ஆனது.

வீட்டு வண்டும் தோப்பு வண்டும்

எங்கள் வகுப்பில் மற்றவர்கள் ஆய்வுக்குக் கொடைக்கானல் போனார்கள், சிறுமலை போனார்கள். தலையில் தொப்பி, கையில் வலை, ஒரே அமர்க்களம். என்னை மாமி பேகம்பூர் முக்கைத் தாண்ட விடுவதே பெரிய விஷயம். பேராசிரியரிடம் போய் அழாக்குறையாக நின்றேன். "போக முடிஞ்ச இடத்துல என்ன ஊருதுன்னு பாரு" என்றார் அவர்.

நான் போக முடிந்த இடங்கள் இரண்டு. ஒன்று வீட்டை ஒட்டிய மண்டி. இன்னொன்று வடமதுரைக்குப் பக்கத்தில் என் தோழி செல்வியின் அப்பா வைத்திருந்த தென்னந்தோப்பு. செல்வி என் கல்யாணத்தில் மாமியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள், அதனால் அவள் வீட்டுக்கு மட்டும் அனுமதி உண்டு. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு வண்டு அட்டகாசம் செய்துகொண்டிருந்தது. அவற்றை ஒப்பிட்டு எழுதுவது என்று முடிவாயிற்று.

மண்டியில் இருப்பது தோல் வண்டு. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். முதுகு கறுப்பு, வயிறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. தொட்டால் செத்த மாதிரி நடிக்கும். வெளிச்சம் பட்டால் தோல் மடிப்புக்குள் ஓடி ஒளியும். ஈரம் அதற்கு ஆகாது, காய்ந்ததுதான் வேண்டும். முழு அநியாயமும் செய்வது அதன் புழு. நல்ல ஆட்டுத்தோலைச் சல்லடையாக்கிவிடும். தின்று கொழுத்த பிறகு கூடு கட்ட மரத்தைக் குடையும். எங்கள் மண்டி உத்தரம் முழுக்க அது போட்ட ஓட்டைதான்.

தோப்பில் இருப்பது காண்டாமிருக வண்டு. அது பிறப்பது ஈரமான எருக்குழியில். சாணத்தையும் மட்கிய குப்பையையும் தின்று, உள்ளங்கை நிறைய வெள்ளைவெளேர் என்று சுருண்டு கிடக்கும் அதன் புழு. வளர்ந்து இறக்கை வந்ததும் தென்னை உச்சிக்குப் பறந்து, விரியாத குருத்தைக் குடையும். பிறகு அந்த மட்டை விரியும்போது கத்தரியால் வெட்டின விசிறி மாதிரி நிற்கும். கன்று மரமாக இருந்தால் மரமே போய்விடும். விளக்கைக் கண்டால் தானாக வந்து மோதி விழும். கையில் பிடித்தால் கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும்.

இவை இரண்டையும் பல மாதம் அளந்தேன், வரைந்தேன், தின்பதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் பெரிய தோரணையாக ஒரு வரி போட்டேன். "இவ்விரண்டு வண்டுகளும் ஒன்றையொன்று ஒருபோதும் சந்திப்பதில்லை" என்பது அதன் பொருள். அந்த வரியில் எனக்கு அவ்வளவு பெருமை. டைப் அடித்து, தங்க எழுத்துப் போட்டு பைண்டிங்கும் செய்தாயிற்று.

பாச்சை உருண்டை போன வழி

பெட்டி எப்படி மண்டிக்குப் போனது என்று கேட்பீர்கள்.

முதலில் அது என் அறை பீரோமேல்தான் இருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க உள்ளே பாச்சை உருண்டை போட்டிருந்தேன். மசக்கை வந்ததும் அந்த நெடி பட்டாலே குடல் வாய்க்கு வந்தது. காலையில் குடித்த கஞ்சி கூடத் தங்கவில்லை. மாமி பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் பெட்டியைத் திறந்து, உருண்டைகளை எல்லாம் பொறுக்கித் தம்முடைய பட்டுச் சேலைகளுக்கு நடுவில் போட்டுக்கொண்டார்.

உருண்டை போனதும் எறும்பு வந்தது. "எறும்பு வராத எடம் நம்ம மண்டிதான். அம்புட்டு உப்பு கெடக்குற எடத்துல எறும்புக்கு என்ன வேலை" என்று மாமி பெட்டியைக் கொண்டுபோய் மண்டிப் பரணில் வைத்தார். நானும் சரிதான் என்று விட்டுவிட்டேன். படிக்கவும் வரையவும் வேண்டியதெல்லாம் அதற்குமுன்பே முடித்திருந்தேன்.

தோல் வியாபாரம் செய்யும் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. வேறு யார் வீடாக இருந்தாலும் இப்படி நடந்திருக்காது. தோல் பூச்சி, தோல் பூச்சி என்று வாய்க்கு வாய் சொல்லிச் சொல்லி, அது தோலை மட்டும்தான் தின்னும் என்று எல்லோர் மனசிலும் ஊறிப்போயிருந்தது. செத்துக் காய்ந்த எந்த உடம்பையும் தின்னும் என்று ஆய்வேட்டில் எழுதியவள் நான். வண்டும் செத்தால் காய்ந்த உடம்புதான் என்பது எனக்கும் தோன்றவில்லை.

உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தபடி மாமியிடம் கத்தினேன். "எல்லாம் உங்களாலதான் மாமி. என் பொருளை ஏன் எடுத்தீங்க? உங்களுக்கு நான் படிக்கிறதே புடிக்கல." அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

திட்டு விழும் என்று பார்த்தேன். மாமி பெட்டியை வாங்கி மூடி வைத்தார்.

"வச்சது நாந்தான்" என்றார். "அந்தக் கொம்பு வண்டு எங்க கெடைக்கும்?"

"வடமதுரையில. செல்வி தோப்புல."

"காலையில மொத பஸ்ஸுக்கு நான் போயிட்டு வாரேன்."

"உங்களுக்கு ஆண் எது, பெண் எதுன்னு தெரியாது மாமி."

"அப்ப நீயும் வா. ஒன்னைத் தனியா விட முடியாது."

இன்றைக்கு யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. மாமி அன்று ஒன்றுமே செய்திருக்க வேண்டியதில்லை. அச்சச்சோ என்று உச்சுக்கொட்டிவிட்டுச் சமையலறைக்குப் போயிருக்கலாம். தேர்வு தவறியிருக்கும், அவர் ஆசைப்பட்டபடி என் படிப்பும் தானாக நின்றிருக்கும். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது.

வண்டுக்கு ஒரு துவா

செல்வியின் அப்பாவுக்கு எங்களைப் பார்த்ததும் சந்தோஷம், விஷயத்தைக் கேட்டதும் திகைப்பு.

"வண்டா தாயி? ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தா கூடையில அள்ளிக் குடுத்திருப்பேன். இப்பத்தான் எருக்குழிக்கு மருந்து போட்டு அம்புட்டையும் ஒழிச்சிருக்கேன். வேண்டாம்னு கெடந்தப்ப வரிசை கட்டி வந்துச்சு. இன்னைக்குத் தேடுறோம், ஒண்ணைக் காணோம் பாரு."

ஆனாலும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. ஏணியைச் சாத்தி, கொக்கி வைத்த கம்பியோடு குட்டை மரங்களின் உச்சியில் ஏறித் துழாவினார். மட்டை இடுக்கில் புதிதாகச் சக்கை தள்ளியிருந்த ஓட்டையில் கம்பியை விட்டு இழுத்ததில் ஒன்று வந்தது. கம்பி அதன் நடு முதுகில் பாய்ந்திருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மரம் ஏறி இறங்கினார், ஒன்றும் அகப்படவில்லை.

செல்வி எனக்கு நிழலில் கட்டில் போட்டு உட்கார வைத்திருந்தாள். மாமி தோப்பின் நடுவில் நின்றபடி இரண்டு கையையும் ஏந்தினார்.

"யா அல்லா, இந்தத் தம்பி தோப்புல நாலு வண்டு குடு."

ஏணியில் நின்ற செல்வியின் அப்பா பதறிவிட்டார். "அக்கா, அக்கா, அப்படி வேண்டாதீங்க. நெசமாவே குடுத்துரப் போகுது."

மாமி கை ஏந்தியபடியே அவரைப் பார்த்தார். பிறகு துவாவைத் திருத்தினார். "இன்னைக்கு மட்டும் குடு. நாளையில இருந்து வேண்டாம்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. செல்வி பயந்துபோய் வலியா என்று கேட்டாள்.

மருந்து போடாத பழைய எருக்குழி ஒன்று பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது. என்னால் குனிய முடியாது. செல்வி மண்வெட்டி எடுக்கப் போனாள். அவள் திரும்புவதற்குள் மாமி புர்கா கையைச் சுருட்டிவிட்டு, குழி ஓரத்தில் குந்தி, வெறும் கையால் எருவைக் கிளற ஆரம்பித்துவிட்டார். பல்லி விழுந்தால் அறையை விட்டே ஓடுகிறவர் அவர்.

"இதுவா?" வெள்ளைப் புழு ஒன்று உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது.

"அது புழு மாமி. அதையும் தூக்குவாளியில போடுங்க."

"ச்சீ, என்னமா கொழுத்திருக்கு." போட்டார். மறுபடியும் கிளறினார். கொஞ்ச நேரம் கழித்துக் கிறீச் என்ற சத்தம் கேட்டது. மாமியின் இரண்டு விரலுக்கு நடுவில் கறுப்பாக ஒன்று காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"ஆணா, பொண்ணா?"

"கொம்பு பெருசா இருக்கே, ஆண்."

"அப்ப இவனுக்கு ஒரு பொண்டாட்டி தேடணுமே" என்றபடி மாமி இன்னும் ஆழமாகக் கையை விட்டார். வெயில் உச்சிக்கு வந்தபோது அதுவும் கிடைத்தது. முழங்கை வரைக்கும் சாணமாக எழுந்து நின்ற மாமியின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. என் கல்யாணத்தன்று கூட அவரை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் தூக்குவாளி மாமியின் மடியில் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எங்கள் புர்காவையும் வாளியையும் பார்த்துவிட்டு, "பிரியாணிங்களாக்கா?" என்று ஆசையாகக் கேட்டார். "வண்டுய்யா, உசுரோட இருக்கு" என்றார் மாமி. வாளிக்குள் கிறீச்சிட்டது. அவர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.

மேசைமேல் இரண்டும்

வைவாவுக்கும் மாமி வந்தார். "நான் வந்து சொல்றேன், வச்சது நாந்தான்னு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அப்படியெல்லாம் சொல்லக்கூடாது, வெளியே பெஞ்சில் உட்காருங்கள் என்று நான் கெஞ்சினேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரிக்காத முகக்காரர். மேசையில் நான் பரப்பி வைத்த வண்டுகளைப் பார்த்தார், பிறகு என் அளவு அட்டவணையைப் பார்த்தார்.

"இதுல நிறைய காண்டாமிருக வண்டு அளந்திருக்கே. இங்க மூணுதான் இருக்கு. ரெண்டு உயிரோட இருக்கு, ஒண்ணுல ஓட்டை. அளந்ததெல்லாம் எங்கே?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பைக்குள் கையை விட்டேன். அந்தச் சட்டைப் பெட்டியையும் எடுத்து வந்திருந்தேன். திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அளந்தது இதுங்கதான் சார். தின்னுருச்சு."

"எது தின்னுச்சு?"

"என்னோட இன்னொரு வண்டு."

கதவுப் பக்கமிருந்து மாமி குரல் வந்தது. "சார், எம் மருமக மேல தப்பு இல்ல. அவ உருண்டை போட்டுத்தான் வச்சிருந்தா. எடுத்தது நான், மண்டியில வச்சதும் நான்."

பேராசிரியர் நெளிந்தார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. தேர்வாளர் நிமிர்ந்து பார்த்து, "உள்ள வாங்கம்மா. இது கோர்ட் இல்ல, உக்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். மாமி அதன் நுனியில் உட்கார்ந்தார்.

தேர்வாளர் லென்ஸை எடுத்துப் பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்தார். புழு உரித்துப் போட்ட முடிச் சட்டைகளை ஊசியால் தள்ளிப் பார்த்தார். ஓடாய்க் கிடந்த தலையைத் திருப்பினார். அப்புறம் என் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தை விரித்து, அந்தப் பெருமை வரியில் விரலை வைத்தார்.

"இது சரியாம்மா?"

"தப்பு சார்."

"எப்படி எழுதணும்?"

"உயிரோட இருக்கிற வரைக்கும் ரெண்டும் சந்திக்காது. ஒண்ணுக்கு ஈரம் வேணும், ஒண்ணுக்குக் காய்ஞ்சது வேணும். பெருசு செத்துக் காஞ்ச பெறகு சின்னதோட எடத்துக்கு வந்தா, சின்னதுக்கு அது சாப்பாடு."

"அடிச்சு எழுது" என்று தம் பேனாவைக் கொடுத்தார். தங்க எழுத்துப் போட்ட பைண்டிங்கில் அவர் கண் முன்னாலேயே அடித்து எழுதினேன்.

அதன்பிறகு கேள்வி மேல் கேள்வி. எல்லாம் அந்தப் பெட்டியைப் பற்றித்தான். எந்தப் பாகத்தை முதலில் தின்றது, ஏன் கொம்பை விட்டது, ஓட்டின் கடினம் என்ன. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியில் ஏட்டை மூடி, "போயிட்டு வாம்மா. தேறிட்டே. நல்லபடியா பெத்தெடு" என்றார். எழுந்து நின்ற மாமியைப் பார்த்து லேசாகத் தலையும் அசைத்தார்.

பஸ் ஸ்டாப்பில்

பஸ் வர நேரமிருந்தது. நிழலில் நின்றோம்.

"இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று கேட்டார் மாமி திடீரென்று.

"எதுக்கு மேல மாமி?"

"படிப்புக்கு."

"பி.எட். இருக்கு. படிச்சா டீச்சர் வேலைக்குப் போகலாம்."

"எம்புட்டு நாளு?"

"ஒரு வருசம்."

மாமி என் வயிற்றைப் பார்த்தார். "பால்குடிப் புள்ளைய விட்டுட்டு எப்படிப் போவ?"

தேறியதே போதும், இதற்குமேல் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

"மத்தியானம் நான் தூக்கிட்டு வாரேன்" என்றார் மாமி. "குடுத்துட்டு நீ மறுபடி கிளாஸுக்குப் போ."

சொன்னபடி வந்தார். அடுத்த வருடம் முழுக்க, வெயிலோ மழையோ, மத்தியான மணி அடிக்கும்போது கல்லூரி கேட்டில் மாமி நிற்பார். தோளில் என் மகள், கையில் வெந்நீர் பாட்டில். கேட் காவலாளியே பிறகு அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார். நான் பால் கொடுத்து முடிக்கும்வரை மாமி புர்காவால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு, "ஓடு, மணி அடிக்கப் போகுது" என்பார். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் விலங்கியல் டீச்சராக நிற்பது அந்த ஓட்டத்தால்தான்.

மாமிக்கு இப்போது பார்வை மங்கல். இந்தத் தொடரை வாரா வாரம் என் மகள் சபீனாதான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள்; என் மாமி அவளுக்கு ராதாம்மா, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி. சபீனா, இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி. ராதாம்மாவுக்கு இடது காது கேட்காது, வலது பக்கம் போய் உட்கார்.

மாமி, எனக்குப் படிப்புக் கொடுத்தது நீங்கள்தான்.